அந்தத் தீவை நான் மூழ்கடிக்கவில்லை

ஸ்காபரோவில் உள்ள ஒரு கல்லூரியில் மேடைத் தொழில் படிக்கும் பிள்ளைகளோடு பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆளுக்கு இப்படியான அழைப்புகள் வரும். ஒரு கோப்பியும் தந்து, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். நான் பேசி முடித்ததும் இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை கையை உயர்த்தினாள்.

"அன்ரி, இப்ப எல்லாம் டைம்கோட்லதானே ஓடுது. லைட், சவுண்ட், ஸ்கிரீன் எல்லாத்தையும் கொம்பியூட்டரே பாத்துக்கொள்ளும். அப்ப ஸ்டேஜ் மனேஜர் என்னத்துக்கு? லைக், ஹொனஸ்ட்லி?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"மாட்டன் எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணும், பிள்ளை," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த அன்றைக்கு நேரமும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்க வேண்டிய தேவை எனக்கு அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

நான் மன்னாரிலிருந்து வந்தவள். பெயர் றெஜினா. கனடாவுக்கு வந்த புதிதில் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு, நகரத்துக்குள் ஒரு நாடக அரங்கில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். துடைத்துக்கொண்டே ஒத்திகைகளைப் பார்ப்பேன். பிறகு உடுப்புகளை எடுத்துக் கொடுக்கிற வேலை, பிறகு மேடைச் சாமான்களை எடுத்து வைக்கிற வேலை, இடையில் மாலை வகுப்புகள், பிறகு உதவி ஸ்டேஜ் மனேஜர். இதற்குள் பல வருடங்கள் போய்விட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் நோகும், சம்பளம் காணாது, கற்றுக்கொண்டே இருப்போம்.

அந்தக் காலத்து விஷயம் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அகதிகளைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். நான் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். மாலை வகுப்பின் முதல் பரீட்சையில் பாஸ் பண்ணியிருந்தேன். அதைத்தான் அவருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "யன்னல் பக்கம் போய் நின்று வெளியே பாருங்கள். கொஞ்சம் கவலையாக," என்றார். நின்றேன். பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பரீட்சை வரவில்லை. படத்தைப் பார்த்த அயலவர்கள் என்னைக் கண்டு பாவப்பட்டார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

ஸ்டேஜ் மனேஜர் என்ன செய்வார் என்று தெரியாதவர்களுக்கு: நிகழ்ச்சி நடக்கும்போது மேடையின் ஓரத்தில் ஒரு மேசை இருக்கும். அதில் நான் இருப்பேன். வெளிச்சம், ஒலி, பின்னாலுள்ள பெரிய ஸ்கிரீன், திரை எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் ஆள். எல்லோர் காதிலும் ஹெட்செட். எந்த இடத்தில் எது மாறவேண்டும் என்பதற்கு ஒவ்வோர் இலக்கம், அதைத்தான் கியூ என்போம். முதலில், "ஸ்கிரீன் அறுபத்தொன்று, ஸ்டான்ட் பை," என்பேன். அந்த ஆள் விரலைப் பொத்தானில் வைத்துக்கொள்வார். சரியான இடம் வந்ததும், "கோ." அவ்வளவுதான். இதைத்தான் கியூ கூப்பிடுவது என்போம். அந்தச் சொல் கேட்காமல் யாரும் எதையும் அழுத்தக்கூடாது. அதனால் ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பாவிக்கமாட்டோம். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்ட றஞ்சன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெடியன். "தமிழில எத்தினை தரமும் போகலாம் அக்கா, இங்கிலீசிலதான் ஏலாது," என்று பகிடி விடுவார்.

இந்த ஒழுங்கை எனக்குப் பழக்கியவர் எலெய்ன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர், என் மேலதிகாரி. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவரைப் போல ஒருவரிடம் நான் அதற்கு முன்னும் பின்னும் வேலை செய்யவில்லை. எல்லோருக்கும் முதல் வருவார். வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். எங்கேயாவது ஆணி, பிளவு, வழுக்கல் இருந்தால் ஆட்டக்காரரின் காலுக்கு முன் தன் காலுக்குத் தெரியவேண்டும் என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். ஒரு 'தயவுசெய்து' வந்தால் வேலை. இரண்டாவது 'தயவுசெய்து' வந்தால் ஆபத்து. என் பெயரை முதல் நாளே சரியாகச் சொல்லிப் பழகியவர் அவர். அவரோடு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

அவர் சொல்லித் தந்தவற்றில் முக்கியமானது ஒன்று. "கியூ ஒரு வாயிலிருந்துதான் வரவேண்டும். நான் தயாரிப்பாளராக இருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி தொடங்கிய பிறகு நானே 'கோ' என்றாலும் ஒருவரும் அசையக்கூடாது. இரண்டு வாய் கியூ சொன்னால் மேலேயிருந்து ஏதாவது ஒன்று யாருடைய தலையிலாவது விழும்."

சில வருடங்களுக்கு முன் ஒரு சர்வதேசப் பாட்டுப் போட்டி ரொறன்ரோவில் நடந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. நாட்டுக்கு ஒரு பாட்டு, நேரடி ஒளிபரப்பு, கடைசியில் புள்ளிகள். எங்கள் கம்பனிதான் மேடையைப் பொறுப்பெடுத்தது. பெரிய நாடுகளிலிருந்து வந்தவர்களோடு சிகை அலங்காரத்துக்கே தனியாக ஆட்கள் வந்தார்கள். துவாலுவிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர்.

பசிபிக் சமுத்திரத்துக்குள் இருக்கிற நாடு துவாலு. அங்கேயுள்ள முழுச் சனத்தையும் கொண்டுவந்தாலும் ஸ்காபரோவின் ஒரு மூலை நிரம்பாது. பாட வந்த லோசலின் சின்ன வகுப்பு ஆசிரியை. கூட வந்தவர்கள் அவளுடைய மாமா டவிட்டாவும் தம்பியும். அவர்களுக்கு வாத்தியம் ஒரு மரப்பெட்டி. அதைச் சுற்றி நிலத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் அடிப்பார்கள். பெட்டி விமானத்தில் எங்கேயோ தங்கிவிட்டது. எங்கள் தச்சர் பலகையை வெட்டி ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்து கொடுத்தார். டவிட்டா ஒவ்வொன்றிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மிகவும் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில், மைக்குகள் வந்து இறங்கிய ஒரு பழைய பெட்டியை எங்கேயோ மூலையில் கண்டு, தட்டிப் பார்த்துவிட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தச்சர் ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பாட்டு ஒரு நையாண்டிப் பாட்டு. புருசன் விடிய விடியக் கடலில் கிடந்து சுண்டுவிரல் அளவு மீன் கொண்டுவருகிறான். பெண்சாதி கரையில் நின்றபடியே பெரிய மீன் பிடித்துவிடுகிறாள். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். வேகம் ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் கொம்பியூட்டருக்கு விடமுடியாது. கியூவெல்லாம் என் வாயால்தான்.

உடுப்போடு நடந்த கடைசி ஒத்திகையில்தான் பின்னால் ஓடும் படத்தை முதன்முதலாகப் போட்டோம். அறுபத்தொன்றில் தீவு வரும். மேலிருந்து எடுத்த படம், நீட்டாக ஒரு நிலத்துண்டு, தென்னைகள், கூரைகள். இரண்டாவது சரணத்தில் அறுபத்திரண்டு, தண்ணீர் ஏறத் தொடங்கும். முடிவில் அறுபத்துமூன்று, தீவு இல்லை, கடல் மட்டும். பின்னால் போகும் படத்தைத் தீர்மானிக்கும் உரிமை போட்டியை நடத்துகிறவர்களுக்கு. காலநிலை பற்றிய விழிப்புணர்வுக்கென்று, போட்டிக்குக் காசு கொடுத்த அனுசரணையாளர் ஒருவர் செய்வித்த படம் அது.

அறுபத்திரண்டுக்கு நான் 'கோ' சொன்னேன். றஞ்சன் அழுத்தினார். முன்வரிசையில் இருந்த யாரோ ஸ்கிரீனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ள, லோசலின் என்னவென்று திரும்பிப் பார்த்தாள். பாட்டு நின்றது. பெட்டியும் நின்றது.

அவள் ஸ்கிரீனுக்குக் கிட்டப் போய்க் கையை உயர்த்திக் காட்டினாள். "இடது பக்கத்திலிருந்து மூன்றாவது கூரை. அது அம்மாவின் வீடு."

அந்தக் கூரைக்கு மேலால் தண்ணீர் மெதுவாகப் போனது.

எலெய்ன் மேடைக்கு வந்தார். "இது நடக்கிற விஷயம்தானே, லோசலின். உலகம் பார்க்கவேண்டும் இல்லையா?"

"நடக்கிறதுதான். தண்ணீர் வருகிறது. அதைப் பேசுவதற்கு எங்கள் ஆட்கள் எத்தனையோ கூட்டங்களில் ஏறிப் பேசுகிறார்கள். நானும் பேசுவேன், எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் இது மீன் பாட்டு. எங்கள் கலியாண வீடுகளில் பாடுகிற பாட்டு. நான் பாடும்போது என் பின்னால் என் அம்மாவை ஏன் மூழ்கடிக்கிறீர்கள்?"

"படத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்."

"அப்படியென்றால் நான் திரும்பிப் பார்க்காமல் பாடுவேன்," என்றாள் லோசலின். "வேறு வழியில்லை. ஊரில் எல்லோரும் ஒன்றாக இருந்து நேரடியாகப் பார்க்கப் போகிறார்கள். பாடாமல் போகமுடியாது."

டவிட்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த மனிதர் முதுகு வளைந்து போனதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் எலெய்னின் அறைக்குப் போனேன்.

"அறுபத்தொன்றோடு நிறுத்துவோம். தீவு அப்படியே இருக்கட்டும். நல்ல படம்."

"றெஜினா, அது நம்முடைய முடிவு இல்லை."

"அவளுடைய முடிவு. அவள் சொல்லிவிட்டாள்."

"தயவுசெய்து."

"நான் அந்தக் கியூவைக் கூப்பிடமாட்டேன், எலெய்ன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமே இல்லை. களைத்துப்போயிருந்தார். "கூப்பிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு கியூ தவறவிட்டதில்லை நீங்கள். தயவுசெய்து போய்ச் சாப்பிடுங்கள்."

இரண்டாவது 'தயவுசெய்து' வந்துவிட்டது. நான் ஒளித்து வைக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். நம்பாதது அவருடைய விருப்பம்.

போட்டி அன்று அரங்கு நிறைந்திருந்தது. துவாலு என்று அறிவித்ததும் கைதட்டல் மெல்லியதாகத்தான் இருந்தது. எங்கே இருக்கிற நாடு என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பது போன்ற கைதட்டல். மூவரும் போய் நிலத்தில் உட்கார்ந்தார்கள். லோசலின் என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவளையும் இதற்குள் இழுத்ததாகிவிடும்.

"ஸ்கிரீன் அறுபத்தொன்று, கோ."

தீவு வந்தது. டவிட்டாவின் கை பெட்டியில் விழுந்தது. அந்தப் பழைய மைக் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். லோசலின் புருசனின் சுண்டுவிரல் மீனைத் தூக்கிக் காட்டினாள். பாஷை தெரியாத சனம் சிரித்தது. இரண்டாவது சரணம் வந்தது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

காதில் எலெய்னின் குரல். "றெஜினா. அறுபத்திரண்டு."

நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"றெஜினா, அறுபத்திரண்டு, தயவுசெய்து."

பிறகு றஞ்சன், தமிழில், மெதுவாக, "அக்கா?"

"கையை எடுங்கோ தம்பி," என்றேன்.

"எடுத்திட்டன்."

எலெய்ன் விளங்கிக்கொண்டார். "றஞ்சன், ஸ்கிரீன் அறுபத்திரண்டு, கோ."

ஹெட்செட்டில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டோம். றஞ்சனுக்கு அப்போதுதான் இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. மில்லிக்கனில் வீடு வாங்கிய கடன் தலைக்கு மேல். அவர் ஆங்கிலத்தில், மிகவும் ஒழுங்காகச் சொன்னார்: "ஸ்டேஜ் மனேஜரின் கியூவுக்குக் காத்திருக்கிறேன்."

எலெய்ன் நினைத்திருந்தால் ஓடிவந்து தானே அழுத்தியிருக்கலாம். தான் போட்ட ஒழுங்கை அவர் மீறவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது.

பாட்டு வேகம் எடுத்தது. மேல்மாடியில் இருந்தவர்கள் பெட்டியோடு சேர்ந்து கைதட்டத் தொடங்கினார்கள். ஸ்கிரீனில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தென்னைகளும் இருந்தன, மூன்றாவது கூரையும் இருந்தது. திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொன்னவள் கடைசி வரியில் திரும்பிப் பார்த்துவிட்டாள். முன்வரிசைச் சனம் வாயைப் பொத்தவில்லை, சிரித்துக்கொண்டிருந்தது, அதனால் என்னவோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். டவிட்டா அடித்த அடியில் பெட்டியின் பலகை ஒன்று பிளந்தது.

புள்ளிகள் வந்தபோது அவர்களுக்குக் கடைசிக்கு முந்திய இடம். வெற்றி பெற்ற நாட்டுக்காரர் மேடையில் நின்று அழுதுகொண்டிருக்க, டவிட்டா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் பாஷையில் நிறையப் பேசினார். லோசலினிடம் என்னவென்று கேட்டேன். "ஊரிலிருந்து போன் வந்ததாம். வீடு நல்லாய்த் தெரிந்ததாம். கூரையில் ஒரு தகரம் மாற்றவேண்டும் என்று இப்போதுதான் அம்மா கண்டாவாம்," என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்.

அடுத்த நாள் எலெய்ன் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அனுசரணையாளர் கேட்கிறார்கள். கொம்பியூட்டர் உறைந்துவிட்டது என்று சொல்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள். இது இங்கேயே முடியும்."

அது அவர் எனக்குச் செய்ய நினைத்த நன்மை. விளங்கியது. ஆனால் கொம்பியூட்டர் உறைந்தது என்றால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த றஞ்சனின் தலையில்தான் அது விடியும். அதைவிட, லோசலின் ஒன்றும் கேட்கவில்லை, நான் ஒன்றும் மறுக்கவில்லை, ஏதோ ஒரு வயர் கழன்றுவிட்டது என்று ஆகிவிடும்.

"ஒன்றும் உறையவில்லை. நான் கூப்பிடவில்லை. றஞ்சன் நீங்கள் பழக்கிய ஒழுங்கின்படி நடந்தார்."

"அப்படிச் சொன்னால் உங்களை வைத்திருக்க முடியாது."

"தெரியும்."

"ஒரு படத்துக்காகவா, றெஜினா?"

"என்னை யன்னலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி எடுத்த படமும் ஒரு படம்தான்," என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. விளங்கப்படுத்தவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம், என் கணவர் அன்ரனியிடம், "எனக்கு வேலை போயிட்டுது," என்றேன். இவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். "நீ கூப்பிட்டிருந்தால்தான் நான் உன்னோட பேசாமல் விட்டிருப்பன்," என்றுவிட்டு மிச்ச வெங்காயத்தை வெட்டினார்.

பெரிய கம்பனிகள் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கதை பரவிவிட்டது. விட்பியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் வேலை கிடைத்தது. இங்கிருந்து போக நல்ல தூரம், பனியில் கார் சறுக்கும். எங்கள் சனத்தின் அரங்கேற்றங்கள், பரிசளிப்பு விழாக்கள் எல்லாம் செய்தேன். மந்திரிமார் பேசி முடிக்கும்வரை மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைந்துபோனேன் என்று சிலர் சொன்னார்கள். எங்கேயும் கியூ கியூதான். அந்தப் பள்ளிக்கூட அரங்கிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். றஞ்சனைப் பழைய இடத்தில் வைத்திருந்தார்கள். அவரும் கோபத்தில் விலகப் பார்த்தார். "உம்மட வீட்டுக் கடனை நான் கட்டேலாது, பேசாமல் இரும்," என்று ஏசித் தடுத்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு லோசலினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அந்தப் போட்டியின் பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்தீர்களா?" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பார்த்தேன். லோசலின் பாடுகிறாள். தீவு. இரண்டாவது சரணம். தண்ணீர் ஏறியது. நான் கூப்பிடாத அறுபத்திரண்டு, கூப்பிடாத அறுபத்துமூன்று, இரண்டையும் பிறகு யாரோ ஒருவர் மேசையில் இருந்தபடி ஒட்டியிருக்கிறார். மூன்றாவது கூரை போனது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற இடத்தை வெட்டியிருந்தார்கள். முடிவில் பெயர்கள் மேலே போயின. ஸ்டேஜ் மனேஜர் என்று என்னுடைய பெயர், முழுப்பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

போட்டியை நடத்தியவர்களுக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி போடுங்கள், அல்லது என் பெயரை எடுங்கள். பதில் இல்லை. திரும்ப எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

கடைசியில் ஒரு நாள் போன் அடித்தது. எலெய்ன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னும் அந்தப் பிடிவாதம் போகவில்லையா?"

"இல்லை."

"அந்த முடிவு உங்களுடையது இல்லை என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன்."

"என்னுடையது இல்லைத்தான். லோசலினுடையது. நான் கூப்பிடாமல் இருந்தேன், அவ்வளவுதான்."

"அவர்கள் படத்தை மாற்றமாட்டார்கள். பெயரை எடுப்பார்கள். ஆனால் யோசியுங்கள், றெஜினா. நீங்கள் செய்ததிலேயே பெரிய நிகழ்ச்சி அது. பெயரை எடுத்தால் அங்கே நீங்கள் இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போகும்."

"அந்தத் தண்ணீருக்குக் கீழே என் பெயர் வேண்டாம். நான் நடத்திய நிகழ்ச்சியில் அந்தத் தீவு தாழவில்லை."

"சரி," என்றார் எலெய்ன். பிறகு, "பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து," என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

கொஞ்ச நாளில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஏறியது. பெயர்கள் மேலே போயின. வெளிச்சம், ஒலி, ஸ்கிரீன் என்று எல்லோருக்கும் ஆள் இருந்தது. என் இடத்தில் ஒரு வரி வெறுமையாகப் போனது. முன்னறையிலிருந்து இவரைக் கூப்பிட்டு, "என்ரை பேரை எடுத்துப்போட்டாங்கள்," என்றேன்.

இவர் வந்து குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வெறும் வரியைப் பார்த்தார்.

"அப்ப நீ வென்றிட்டாய்," என்றார்.